காராமணிச் சோறும் ஒன்றாம் வகுப்பும்: சோப்ரால் பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு – ஃபோர்த்தலேசாவிலிருந்து சோப்ரால்

பிரேசிலின் வடகிழக்கில் இருக்கிறது சியரா மாநிலம். அதன் தலைநகரான ஃபோர்த்தலேசாவில் என் மகள் காற்றாலைப் பொறியாளராக இருக்கிறாள். பேரனோடு இரண்டு வாரம் கடற்கரையில் இளநீர் குடித்துத் திரிந்தாயிற்று. "ஊருக்குப் போகுமுன் வேறு எங்கேயாவது பார்க்க வேண்டுமா, அப்பா?" என்று கேட்டாள். சோப்ரால் என்றேன். அவளுடைய அலுவலக நண்பர்களுக்கெல்லாம் வியப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மணல்மேடு பார்க்கப் போவார்களே தவிர, வெயில் கொளுத்தும் அந்த உள்நாட்டு ஊருக்கு யாரும் போவதில்லையாம்.

பண்ருட்டிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 ஆண்டு வேலை பார்த்து, தலைமை ஆசிரியராக ஓய்வுபெற்றவன் நான். அரசுப் பள்ளி தேறாது என்று சொல்பவர்களோடு வாழ்நாளெல்லாம் வாதாடியிருக்கிறேன். ஏழை மாநிலத்து ஊர் ஒன்று தன் பள்ளிகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று படித்த நாளிலிருந்து சோப்ரால் என்ற பெயர் மனத்தில் கிடந்தது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று மகள் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். மருமகன் பேரனோடு வீட்டில்.

மொத்தம் 230 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம் என்றார்கள். இராவுசூபாவைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எஞ்சின் சூடேறிப் புகை வந்தது. மாற்று பஸ் வர இரண்டரை மணி நேரமாயிற்று. சாலையோரத்தில் நிழலே இல்லை. இலையுதிர்த்த முட்புதர்களுக்கு நடுவே ஓங்கி நின்ற சில மரங்களைப் பார்த்ததும் நம் ஊர்ப் பனை என்றே நினைத்தேன். கர்னாவூபா என்றாள் மகள். இந்த மாநிலத்தின் மரம் அதுதான். ஓலையிலிருந்து மெழுகு எடுக்கிறார்கள்.

என்னை வியக்க வைத்தது பயணிகளின் பொறுமை. யாரும் ஓட்டுநரிடம் சத்தம் போடவில்லை. ஒருவர் பெரிய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, முதலில் குழந்தைகள், பிறகு முதியவர்கள் என்று வரிசையாகக் கொடுத்தார். பாட்டி ஒருவர் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, கல்லில் தட்டி உடைத்து, என் கையில் ஒரு துண்டு வைத்தார். வாயில் போட்டதும் கண் கலங்கிவிட்டது. வெல்லம்! ஹப்பதூரா என்று பெயர். கரும்புச் சாறு காய்ச்சி அச்சில் ஊற்றியது, நெல்லிக்குப்பம் பக்கத்து ஆலைகளில் சிறுவயதில் தின்ற அதே ருசி. எங்கே போகிறீர்கள் என்று பாட்டி கேட்டார். பள்ளிக்கூடம் பார்க்க என்று மகள் சொன்னதும், தன் பேத்தி ஏழு வயதில் தனக்குப் பைபிள் வாசித்துக் காட்டுகிறாள் என்றார். தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னார்.

செப்டம்பர் 2, திங்கள் – வெயில், மரவள்ளி, பழைய கதை

காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. பகலில் 37 டிகிரி. கடலூர் வெயில் பழகியவன்தான், ஆனால் இங்கே காற்றில் ஈரமே இல்லை, உதடு வெடிக்கிறது.

விடுதியில் காலை உணவுக்குத் தாப்பியோக்கா. ஈரப்பதமான மரவள்ளி மாவை எண்ணெய் விடாத கல்லில் தூவுகிறார்கள்; அது தானாகவே ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தோசையாகிறது. நடுவில் பாலாடைக்கட்டி வைத்து மடிக்கிறார்கள். கூடவே மக்காச்சோள மாவில் ஆவியில் வெந்த குஸ்குஸ், நம் புட்டேதான். மரவள்ளி இந்த மண்ணின் பயிர். போர்த்துக்கீசியர் கப்பலில் வந்துதான் நம்மிடம் கப்பையாகவும் ஜவ்வரிசியாகவும் மாறியது. நாங்கள் பண்ருட்டியில் உயிராய் வளர்க்கும் முந்திரிக்கும் இதே வடகிழக்குப் பிரேசில்தான் தாய்வீடு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து சொந்த ஊர்ச் சாப்பாட்டின் பிறப்பிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் எடைபோட்டு விற்கும் உணவகம். கிலோ 65 ரியால். என் தட்டு 27 ரியாலுக்கு வந்தது, நம் பணத்தில் நானூறு ரூபாய். காராமணியும் அரிசியும் சேர்த்து வேகவைத்து மேலே பாலாடைக்கட்டி உருக்கிய பையாவ் தி தோயிஸ் இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மாலையில் பாத்ரோசீனியோ தேவாலயத்துச் சதுக்கம். அங்கே கிரகண அருங்காட்சியகம் இருக்கிறது. 1919 மே 29 முழுச் சூரிய கிரகணத்தை இந்த ஊரிலிருந்துதான் இங்கிலாந்து வானியலாளர் குழு ஒன்று படம் எடுத்தது. நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்பதற்கு அந்தத் தட்டுகள் சான்றாயின. அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். அதே ஊரில், 80 ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டின் இறுதியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அத்தனை பேரும் பள்ளிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த பிள்ளைகள். சதுக்கத்தில் உட்கார்ந்து இதை நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

அந்தக் காலத்தைப் பற்றி விடுதிக்கார அம்மாவின் அக்கா இரவில் சொன்னார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு, எலுமிச்சைச் சாறு கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். பள்ளித் தலைமைப் பதவி என்பது நகராட்சி உறுப்பினர் தன் ஆளுக்குக் கொடுக்கும் பரிசாக இருந்ததாம். தேர்தல் வந்தால் தலைமை ஆசிரியர் வாக்குச் சேகரிப்பார். 1997-இல் மேயரான சீத் கோமிஸ் முதலில் நம்மூரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்திருக்கிறார்: கட்டடம், நாற்காலி, சேர்க்கை. பிறகு அந்தச் சோதனை. முடிவைப் பார்த்து ஆசிரியர்கள் அழுதார்களாம்.

"எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் பிள்ளைகளைக் கேட்டதில்லை" என்றார்.

2001-இல் வேலையை ஒரே குறிக்கோளுக்குள் அடக்கினார்கள். ஒன்றாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் வாசித்துவிட வேண்டும். மேல்வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் நிற்பவர்களுக்குத் தனி வகுப்பு. தலைமைப் பதவிக்குத் தேர்வும் நேர்காணலும் வந்தன. சிபாரிசு ஒழிந்தது. அந்த அம்மா அத்தேர்வில் முதல்முறை தேறவில்லை. இரண்டாம் முறை தேறினார். அதை அவர் பெருமையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

செப்டம்பர் 3, செவ்வாய் – பள்ளிக்கூடம்

மகளின் தோழி ஒருத்தியின் உறவினர் இங்கே ஆசிரியை. அவர் வழியாக அனுமதி வாங்கியிருந்தோம். பள்ளியின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

ஏழு மணிக்கு மணி அடித்தது. தலைமை ஆசிரியை வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்து உள்ளே விட்டார். பிள்ளைகள் ஆசிரியைகளை 'தியா' என்று கூப்பிடுகிறார்கள், அத்தை என்று பொருள். என்னைத் தாத்தா என்றார்கள். இந்தியாவில் புலி தெருவில் வருமா என்று ஒரு பையன் கேட்டான். சனிக்கிழமை சுதந்திர நாள் என்பதால் வராந்தா முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் காகிதத் தோரணம்.

கட்டடம் எளிமையானது. நம் நல்ல பள்ளிகளில் சில இதைவிட வசதியானவை. சுவரில் பளபளக்கும் திரை எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் 26 பிள்ளைகள். ஆசிரியை கதைப் புத்தகத்தை உரக்க வாசித்தார், அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார், அதை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டச் சொன்னார், பிறகு எழுதச் சொன்னார். நான் சிலேட்டு வைத்துச் செய்ததுதான். ஒரு வேற்றுமை: பின் வரிசையில் இன்னோர் ஆசிரியை உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கற்பித்தல் ஒருங்கிணைப்பாளர். அவருக்குத் தபால், புள்ளிவிவரம், அரிசி மூட்டைக் கணக்கு எதுவும் கிடையாது. வகுப்பில் உட்கார்வது, பிறகு ஆசிரியையோடு பேசுவது, அதுதான் அவர் வேலை. ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் பயிற்சி. அதில் அடுத்த மாதப் பாடத்தைச் செய்து பார்க்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு அவர் வராந்தாவில் ஒரு சிறு மேசை போட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

எனக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. ஆனால் ஒரு குழந்தை உண்மையாக வாசிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்று அறிய மொழி தேவைப்படவில்லை. முதல் பையனின் விரல் வரியோடு நகர்ந்தது, கண் விரலுக்கு முன்னால் ஓடியது, முற்றுப்புள்ளியில் குரல் இறங்கியது. கடைசி வரியில் சிரித்தான். கதையில் ஏதோ வேடிக்கை இருந்திருக்கிறது, அவனுக்குப் புரிந்திருக்கிறது. அடுத்து வந்த சிறுமி மூன்றாவது சொல்லில் நின்றாள். ஒருங்கிணைப்பாளர் எடுத்துக்கொடுக்கவில்லை. நான் என்றால் கட்டாயம் எடுத்துக்கொடுத்திருப்பேன். அவர் காத்திருந்தார். சிறுமி முதல் அசையைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள், பிறகு இரண்டையும் சேர்த்தாள். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு குறி: எழுத்து, அசை, சொல், வாக்கியம், பத்தி. அந்தச் சிறுமிக்குச் 'சொல்' என்று எழுதினார். நாளை அவள் எந்தக் குழுவில் உட்கார்வாள் என்பதை அந்தக் குறிதான் முடிவு செய்யும்.

இது பள்ளிக்குள் நடப்பது. ஆண்டுக்கு இரண்டு முறை நகராட்சியிலிருந்து வெளியாட்கள் வந்து, வகுப்பாசிரியை இல்லாத இடத்தில், ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மாதிரிக்குப் பத்துப் பேர் என்ற கணக்கெல்லாம் இல்லை.

இங்கே என் மனத்திலிருந்த ஒன்றை எழுதியாக வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஆய்வுக்கு அதிகாரி வந்தால், நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன் வரிசைக்கு நகர்த்துவோம். எல்லாப் பள்ளியிலும் அது வழக்கம். அதிகாரிக்கும் தெரியும். கல்வித்தரப் பதிவேட்டில் 'வாசிப்பார்' என்று நிரப்புவோம். ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப்போன ஒரு பையன், ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "சார், இது விருத்தாசலம் பஸ்தானே?" என்று கேட்டான். பலகை அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவன் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில்தான் 'வாசிப்பார்' என்று இருக்கும். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இன்று அந்த வராந்தாவில் அவன் முகம் வந்து நின்றது.

பத்து மணிக்கு உணவு இடைவேளை: சோறு, காராமணி, கோழித் துண்டு, பூசணிக்காய், வாழைப்பழம். பிரேசில் அரசுப் பள்ளிகளில் உணவு எல்லோருக்கும் இலவசம். அதற்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமே வாங்க வேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். பூசணி கொண்டுவந்த விவசாயி சமையலறையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நம் சத்துணவும் காலை உணவும் உலகத்துக்கே வழிகாட்டியவை என்று நம்புகிறவன் நான். இந்த ஒரு விதியை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டால் நம் உழவர்களுக்கு எவ்வளவு நன்மை!

செப்டம்பர் 4, புதன் – செருப்பு அறுந்தது, ஒரு வாக்குவாதம்

காலையில் ஆற்றங்கரைப் பூங்காவில் நடக்கும்போது செருப்பு வார் அறுந்தது. சுடுகல்லில் வெறுங்காலோடு நான் தவிப்பதைப் பார்த்து, பழச்சாறு விற்ற பெண் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, "கடை வரைக்கும் போட்டுக்கொண்டு போங்கள், திரும்பும்போது கொடுங்கள்" என்றார். பெயரும் கேட்கவில்லை. ஊரில் பெரிய காலணித் தொழிற்சாலை இருக்கிறது. 35 ரியாலுக்கு நல்ல ரப்பர் செருப்பு கிடைத்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது முந்திரிப் பழச்சாறு ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார்.

தெருவெல்லாம் தேர்தல். அக்டோபர் 6 உள்ளாட்சி வாக்குப்பதிவு. கொடி கட்டிய கார்கள் பாட்டு முழங்கப் போகின்றன. மேயர் பதவிக்கு நிற்பவர்களில் ஒருவர் இசோல்டா செலா. இந்த ஊரின் கல்விப் பணியைத் தொடக்கத்தில் நடத்தியவர், 2007-இல் மாநிலக் கல்விச் செயலாளரானவர், பிறகு ஆளுநராகவும் இருந்தவர்.

மாலையில் பள்ளியிலிருந்து இளம் ஆசிரியர் ஒருவர் காப்பி குடிக்க வந்தார். வெளிப்படையாகப் பேசினார். போர்த்துக்கீசியமும் கணக்கும் தேர்வில் வருகின்றன, அதனால் வரலாறும் ஓவியமும் ஓரத்துக்குப் போகின்றன. இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் எல்லோர் கண்ணும் நம்மேல். சில நாள் மூச்சு முட்டுகிறது என்றார். நாடு முழுவதும் ஆய்வாளர்களும் இதே குறையைச் சொல்கிறார்களாம்.

அவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டேன். மீதிக்கு எண்களை எடுத்து வைத்தேன். நாட்டின் அடிப்படைக் கல்விக் குறியீட்டில், பத்துக்கு, இந்த ஊரின் தொடக்கப் பள்ளிகள் 2005-இல் வாங்கியது 4.0. 2015-இல் 8.8 வாங்கி நாட்டிலேயே முதலிடம். 2017-இல் 9.1. பணக்காரத் தென்மாநிலங்களின் நகரங்களெல்லாம் பின்னால். தேர்வுக்குத் தயாரித்தே இது வந்தது என்றாலும், வாசிக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் வரலாறும் கைக்கு எட்டும். அவர் சிரித்தார், மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. தொடக்கத்தில், சிதறிக்கிடந்த சிறு கிராமப் பள்ளிகள் பலவற்றை மூடிப் பிள்ளைகளை வண்டியில் பெரிய பள்ளிக்கு அழைத்துவந்தார்கள். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்ப்பதைத் தவிர்க்க அது உதவியதாம். இருந்தாலும் ஊரின் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அந்த விளக்கு அணைந்தால் முதலில் படிப்பு நின்றுபோவது பெண் குழந்தைகளுக்குத்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் சொன்னதில் என்னை உலுக்கியது பணம் பற்றிய செய்தி. விற்பனை வரியில் நகராட்சிகளுக்குப் போகும் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரு பகுதியை மாநிலமே முடிவு செய்யலாம். சியரா 2007-இல் சட்டம் போட்டது: அந்தப் பங்கில் 18 சதவீதம், பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். பிள்ளைகள் வாசித்தால் ஊருக்குச் சாலை போடவும் பணம் வரும். அதுவரை கல்வித்துறைக் கோப்பைத் தொடாத மேயர்களெல்லாம் பள்ளிக்கு ஓடினார்கள். சிறந்த 150 பள்ளிகளுக்குப் பரிசு உண்டு, ஆனால் பின்தங்கிய ஒரு பள்ளியைக் கைபிடித்துத் தூக்கினால்தான் பரிசின் ஒரு பகுதி கைக்கு வரும். 2017 குறியீட்டில் நாட்டின் முதல் 100 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 82 இந்த மாநிலத்தில் இருந்தன. 2020-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, எல்லா மாநிலமும் அந்தப் பங்கில் குறைந்தது 10 சதவீதத்தை இப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

பிரேசில் முழுவதும் இப்படி மாறிவிடவில்லை. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில், 2022-இல் கணக்கில் 379. வளர்ந்த நாடுகளின் சராசரி 472. ஆனால் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து எழுதி, அடி வாங்கி, அந்த எண்ணை நாளிதழில் போடுகிறார்கள். நம் தமிழ்நாடும் இமாச்சலமும் 2009 சுற்றில் அந்தத் தேர்வை எழுதி அட்டவணையின் அடியில் வந்தன. அதன்பின் இந்தியா ஒரு சுற்றிலும் எழுதவில்லை. வினாத்தாள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். இருக்கலாம். அதற்காகத் தேர்வையே விட்டுவிட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 5, வியாழன் – திரும்புதல்

ஊரில் இன்று ஆசிரியர் தினம். பழைய மாணவர்களின் வாழ்த்துகள் கைப்பேசியில் குவிந்திருந்தன.

சந்தையில் சிவப்பும் மஞ்சளுமாக முந்திரிப் பழம் வரத் தொடங்கியிருந்தது. பண்ருட்டியில் கொட்டையைத் திருகிவிட்டுப் பழத்தை மரத்தடியிலேயே அழுக விடுகிறோம். இங்கே அந்தப் பழத்தைத்தான் கொண்டாடுகிறார்கள்: சாறு, மிட்டாய், தெளியவைத்துக் காய்ச்சிய பானம். ஐந்து ரியாலுக்கு ஒரு பை வாங்கினேன். கடைக்காரரிடம் நானும் முந்திரி ஊர்க்காரன் என்று மகள் சொன்னதும் பை கனத்தது.

பஸ் இம்முறை நிற்கவில்லை. குளிர்சாதனம் மட்டும் உறைய வைத்துவிட்டது. மகளின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய் – பண்ருட்டி

சோப்ராலில் வாக்கு எண்ணி முடித்துவிட்டார்கள். இசோல்டா செலா தோற்றார். எதிரணியின் ஆஸ்கார் ஹோத்ரிகெஸ் மேயராகிறார். மகள் செய்தி அனுப்பியிருந்தாள். ஜனவரியில் புதிய நிர்வாகம் வரும்போது அந்த வராந்தாவில் மேசை போடுவார்களா என்று விடுதிக்கார அம்மாவின் அக்காவிடம் கேட்கச் சொன்னேன். "தாய்மார் விடமாட்டார்கள்" என்று பதில் வந்தது.

பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி இருக்கிறாள். காலாண்டு விடுமுறை முடிந்து நேற்றுத்தான் பள்ளி திறந்தது. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் படித்த பிள்ளை. பயிற்சி நூல் பையில் இருக்கிறது. மாலையில் திண்ணைக்குக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தை வாசித்துக்காட்டு என்றேன். முதல் இரண்டு வரி சரளமாகப் போயிற்று. 'முற்றத்தில்' என்ற சொல்லில் நின்றாள். என் வாய் திறந்துவிட்டது; மூடிக்கொண்டேன். விரலை எடுக்காமல் 'முற்' என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.